முகம் பார்த்துப் போடும் வளையல்

நேற்று காலையில் பெட்டிக் கட்டிலைத் திறந்தேன். டில்லியில் நவம்பர் வந்துவிட்டால் எல்லா வீட்டிலும் நடக்கிற வேலைதான். மெத்தையைப் புரட்டிப் போட்டு, பலகையைத் தூக்கி, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளையும் ஸ்வெட்டர்களையும் எடுத்து வெயிலில் காயப்போடுவது. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள், அவளுக்குக் கனமான ரஜாயாக ஒன்று வேண்டியிருந்தது. பலகை மேலே வந்ததும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. அந்த வாசனை வந்தாலே முன்பெல்லாம் எனக்குப் பாதி நிம்மதி வந்துவிடும், ஞாபகம் இருக்கிறதா? ஊரெல்லாம் குளிருக்குப் பயப்படும்போது நான் ஒருத்தி மட்டும் அதற்காக ஏங்கிக்கொண்டிருப்பேன் என்று நீ கேலி செய்வாய். குளிர் வந்தால் கையுறை போடலாம். கையுறை போட்டால் என் கையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் இந்த வருஷம் ரஜாயோடு நான் தேடி எடுத்தது கையுறையை அல்ல, போன வருஷம் மிஞ்சிய முகமூடிப் பொட்டலத்தை. புகை வந்துவிட்டது. எதிர்க் கட்டிடம் தெரியவில்லை. ஊரே முகத்தை மூடிக்கொண்டு நடக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்? கோடையில் என் வாயோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பற்பசை என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. இப்போது கீழுதட்டைத் தாண்டி முகவாய் வரைக்கும் இறங்கியிருக்கிறது. இத்தனை காலம் கையோடு நின்றிருந்த வெண்புள்ளி முகத்துக்கு வந்துவிட்டது. முகத்துக்குக் கையுறை கிடையாதே என்று கோடை முழுக்கப் புலம்பினேன். டில்லிப் புகை அதையும் கொடுத்துவிட்டது. அம்மா வந்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளும் முகமூடியோடு இருந்தேன். காற்று சரியில்லை என்று சொன்னேன். சாப்பாட்டைக்கூட, மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி அறைக்குள் எடுத்துப்போய்ச் சாப்பிட்டேன்.

இதை நான் தமிழில் எழுதுவது உனக்குச் செய்கிற அநியாயம்தான். டில்லியிலேயே, மோதி பாக் அரசுக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நீ. தமிழ் சரளமாகப் பேசுவாய், எழுத்தைக் கண்டால் மட்டும் கும்பகோணத்துக் கல்யாணப் பத்திரிகையைக்கூட என் கையில் கொடுத்து, "ஜல்தி, என்ன போட்டிருக்குன்னு சுருக்கமா சொல்லு" என்பாய். உன் மகள் இப்போது நன்றாகத் தமிழ் வாசிக்கிறாள். அதற்காக இதை அவளிடம் கொடுக்கப்போவதில்லை. பிழை திருத்த ஆரம்பித்துவிடுவாள்.

நீ என்னிடம் முதலில் பேசியது கையுறையைப் பற்றித்தான். நொய்டாவில் படங்களுக்கு அடியில் ஓடும் வசன வரிகள் எழுதுகிற அந்த அலுவலகத்தில் நான் தமிழ் மேஜை, நீ பக்கத்தில் இந்தி மேஜை. மார்ச் மாதம் வந்து, எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டார்கள், மின்விசிறி ஓட ஆரம்பித்துவிட்டது. நான் மட்டும் விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறையோடு தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மற்றவர்கள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நாகரிகமாகப் பேசாமல் இருந்தார்கள். உனக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "எனக்கு இங்க வேர்க்குது, உனக்கு மட்டும் எங்கேர்ந்து வருது குளிர்?" என்று கேட்டாய். எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலில்தான் கழற்றினேன். இந்தா பார், பார்த்துவிட்டு நீயும் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போ என்கிற எண்ணத்தில் இரண்டு கையையும் உன் முன்னால் வைத்தேன்.

நீ பார்த்தாய். வேகமாகப் பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, பாவம் என்கிற முகமும் இல்லை. "வலிக்குமா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அச்சா. அப்ப டப்பாவத் திற, பசிக்குது" என்றாய். என் டப்பாவிலிருந்து நீயே புளிசாதத்தை எடுத்துக்கொண்டாய். வெண்புள்ளி ஒட்டாது என்று படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தவர்களும் என் டப்பாவுக்குள் கையை விட்டதில்லை. அன்று சாயங்காலம் மெட்ரோவில் என் கண் கலங்கிக்கொண்டே இருந்தது. புளிசாதத்துக்காக அழுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த குளிர்காலத்தில் அலுவலக மொட்டை மாடி வெயிலில் நிலக்கடலை உரித்துத் தின்றபடி உன்னிடம் எங்கள் கடையைப் பற்றிச் சொன்னேன். தென்காசியில் அம்மாவுக்கு வளையல் கடை. நான் கடையிலேயே வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற பெண்களுக்கு வளையல் போட்டு விடுவேன். இறுக்கமான கைக்கும் நான் போட்டால் உடையாது. "சின்னவ கைதான் பதமா இருக்கு, அவளையே போடச் சொல்லு" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். எட்டாம் வகுப்பில் இருக்கும்போது விரல் கணுக்களில் வெள்ளை வந்தது. ஒரு நாள் ஒரு அம்மாள் கையை நீட்டியவள், என் விரலைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாள் போனதும் அம்மா வளையல் பெட்டியை என் முன்னாலிருந்து மெதுவாக நகர்த்தி, "நீ உள்ள போயி ரிப்பன் அடுக்குட்டி" என்றாள். அதற்குப் பிறகு நான் உள்ளேதான் இருந்தேன். அம்மா என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை, எத்தனையோ வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு அலைந்தாள். ஆனாலும் என் கையை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அந்தக் குரல்தான்.

கேட்டுவிட்டு நீ உங்க அம்மா மோசம் என்று சொல்லவில்லை, உன் கை அழகு என்றும் சொல்லவில்லை. உள்ளங்கையிலிருந்த கடலைத் தோலை ஊதிவிட்டு, "நான் பி.டி. பீரியட்ல எப்பவும் வயித்து வலின்னு கிளாஸ்லயே உக்காந்திருப்பேன்" என்றாய். பள்ளிக்கூடத்தில் உன்னை மோட்டி, குண்டச்சி என்று கூப்பிட்டதை அன்றுதான் சொன்னாய். அலுவலகத்தில் குழுவாகப் படம் எடுத்தால் நீ ஏன் எப்போதும் பின்வரிசைக்கு ஓடுகிறாய், கிடைத்த கோப்பு ஒன்றை எடுத்து ஏன் வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொள்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் கையை அத்தனை சாதாரணமாகப் பார்க்கத் தெரிந்த உனக்கு உன் உடம்பைப் பார்க்கத் தெரியவில்லை. சொன்னால், அது வேறு இது வேறு என்பாய். எப்படி வேறு என்று கேட்டால் சண்டைக்கு வருவாய்.

உன் கல்யாணத்தில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என்னை மேடைக்கு வரவழைக்க வேண்டும் என்று உனக்கு ஆசை. அழகுநிலையத்தில் உனக்கு அலங்காரம் செய்த பெண்ணிடமே சொல்லி, என் இரண்டு கைக்கும் மணிக்கட்டு வரைக்கும் பூசி மறைக்க ஏற்பாடு செய்துவிட்டாய். ஒரே நிறம். அத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரே நிறத்தில் என் கை. நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் உனக்குப் பக்கத்தில் நின்றேன், வந்தவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்தேன். ஆனால் பூசிவிட்டவள் பஞ்சாபிப் பெண். இலை போட்டுச் சாப்பிடுவோம், கையால் ரசம் சாதம் பிசைவோம் என்று அவளுக்கு எங்கே தெரியும்? நமக்கும் தோன்றவில்லையே. பூச்சு சாம்பாருக்குத் தாக்குப்பிடித்தது. ரசத்தில் கரைந்து இலையில் சந்தன நிறமாக ஓடியது. எதிர்ப்பந்தியில் இருந்தவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு என் இலையைப் பார்த்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்து போனேன்.

பட்டுப்புடவையும் மாலையுமாகக் கை கழுவுகிற இடத்துக்கு நீ தேடிக்கொண்டு வந்தாய். நான் திட்டுவேன் என்று நினைத்திருப்பாய். நீயும் அழுகிற நிலையில்தான் இருந்தாய். "ஸாரி. உனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சு உன்னை மறைச்சுட்டேன்" என்றாய். பிறகு என் கையைக் குழாயடியில் பிடித்து, மிச்சமிருந்த பூச்சையும் நீயே தேய்த்துக் கழுவினாய். கல்யாணப் பெண்ணைக் காணோம் என்று உன் வீட்டார் மண்டபம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம். உன் வளைகாப்பு நாள்தான் எனக்கு எல்லாம்.

கோல் மார்க்கெட் பக்கம் உன் மாமனாரின் பழைய அரசுக் குடியிருப்பு. கூடத்து நாற்காலிகளையெல்லாம் வெளியே போட்டுவிட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். வந்த பெண்கள் ஒவ்வொருவராக உன் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட வேண்டும். நான் வேலை செய்கிற சாக்கில் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றேன். சந்தனம் பூசுகிற சடங்கில் என்னைப் போன்றவளுக்கு என்ன இடம்? அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் போவதாகத்தான் வந்திருந்தேன்.

உன் மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி வளையல்கள் ஓர் அளவு சின்னவை. உன் பழைய கைக்கு வாங்கியவை. ஏழாம் மாதத்தில் உனக்குக் கையும் காலும் வீங்கியிருந்தன. மாமியாரின் அக்கா, நீ பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், முதல் வளையலை எடுத்து அழுத்தினார். ஏறவில்லை. இன்னும் அழுத்தினார். உடைந்து, உன் கட்டைவிரல் ஓரத்தில் ரத்தம் வந்தது. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யாரோ சோப்பு கொண்டுவா என்றார்கள். யாரோ, சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று சிரித்தார்கள். கூட நாலு பேர் சிரித்தார்கள். உன் முகம் வாடிப்போனது. பி.டி. வகுப்பில் வயிற்றுவலி என்று உட்கார்ந்திருந்த சிறுமியின் முகம் அது. அந்தக் கூடத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ தலையைத் தூக்கி அடுக்களைப் பக்கம் பார்த்தாய்.

"நீ வா. நீ போடு."

பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "அந்தப் பொண்ணு கல்யாணமாகாதவம்மா. அதோட அதுக்குக் கையில வேற..." என்று பாதியில் நிறுத்தினார்.

"பெரியம்மா, கை என்னோடது. அவ போட்டாத்தான் போட்டுப்பேன்" என்றாய். பிறகு "பஸ்", அவ்வளவுதான், என்று இந்தியில் முடித்தாய். அந்தக் குடும்பத்தில் நீ குரலை உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

துப்பட்டாவைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உன் முன்னால் உட்கார்ந்தேன். தேங்காய் எண்ணெய் கேட்டேன். உன் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன், வீக்கம் கொஞ்சம் வடியட்டும் என்று. பிறகு எண்ணெய் தடவி, கட்டைவிரலை உள்ளே மடித்து, கணுக்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தேன். அத்தனை வருஷம் கழித்தும் விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வளையல் போடும்போது கையைப் பார்க்கக் கூடாது, போட்டுக்கொள்கிறவளின் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கே வலிக்கப்போகிறது என்பது முகத்தில்தான் முதலில் தெரியும், அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதனால் நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ புருவத்தைச் சுருக்கினால் நிறுத்தினேன், விட்டால் தள்ளினேன். பச்சையும் சிவப்புமாக இரண்டு கையும் நிறைகிறவரைக்கும் ஒன்றுகூட உடையவில்லை. என் கை எப்படி இருக்கிறது என்பது அந்த நேரம் முழுக்க எனக்கு ஞாபகமே வரவில்லை. அப்படி மறந்து இருக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது.

வளைகாப்புக்கு வந்தவர்களுக்கும் வளையல் போட்டு அனுப்புவது வழக்கம். உன் மாமியார்தான் முதலில் என் முன்னால் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள் என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். பெரியம்மா வளையலை வாங்கித் தானே போட்டுக்கொண்டார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் துப்பட்டாவை எடுத்து மறுபடியும் கையில் சுற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் நீ முன்வரிசையில் இருக்கிறாய், வயிற்றுக்கு முன்னால் ஒரு கோப்பும் இல்லாமல்.

அதற்குப் பிறகு நான் கையுறை போட்டது குளிருக்கு மட்டும்தான். ஆனால் கொரோனாவில் ஊரே ஆக்சிஜன் தேடி அலைந்த அந்த ஏப்ரலில் ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் கையுறையோடு நின்றோம். உன் கணவர் உள்ளே இடம் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆட்டோவில் சாய்ந்திருந்த நீ கையை நீட்டினாய். பிடித்துக்கொண்டேன். நடுவில் பிளாஸ்டிக் இருந்தது. உன் கை சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் கையுறையை வெறுத்தது அன்றுதான். அந்தக் கடைசித் தடவையாவது கழற்றிவிட்டுப் பிடித்திருக்கலாம் என்று பல நாள் அழுதிருக்கிறேன். நீ கழற்ற விட்டிருக்க மாட்டாய், திட்டியிருப்பாய் என்று உன் கணவர் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

நேற்றைக்கு வருகிறேன். மத்தியானம் அம்மா தன் பையிலிருந்து வளையல் பெட்டியை எடுத்தாள். உன் மகளுக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒரு ஜோடி. கட்டிலில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் எனக்கு வளையல் போட்டதில்லை. கடையிலிருந்து பார்சலில் அனுப்புவாள், நானே போட்டுக்கொள்வேன். கட்டைவிரலை மடித்துப் பிடித்தவள், அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அதக் கழட்டுட்டி. மொகத்த மூடிட்டு உக்காந்தா நான் எதப் பாத்துப் போடுவேன்?"

காற்று சரியில்லை என்றேன். அவள் என் கையை விடாமல் காத்திருந்தாள். நீ இருந்திருந்தால் பின்னாலிருந்து நாடாவை இழுத்திருப்பாய். நீ இல்லை. நானேதான் கழற்றினேன்.

அம்மா பார்த்தாள். வாயோரம், உதடு, முகவாய் என்று அவள் கண் இறங்கியது. எனக்குப் பழைய பயம் வந்தது, இப்போது என்ன சொல்லி உள்ளே அனுப்பப்போகிறாள் என்று. அவள் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளக் கை காலியில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வளையலைத் தள்ளினாள். அது மணிக்கட்டுக்குப் போய் விழுந்தது. இரண்டாவதை எடுக்கும்போதுதான் பேசினாள்.

"பொங்கலுக்கு வாறப்ப கடையில முன்னால வந்து உக்காரு. உன் தம்பி பொண்டாட்டி போட்டா பாதி ஒடையுது."

சரிம்மா என்றேன். ராத்திரி அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உன்னிடம் சொல்ல வந்தது இதுதான். எனக்கு என் முகம் பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்று காலையில் பல் துலக்கும்போதும் கண் நேராக அந்த வெள்ளைக்குத்தான் போனது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், அன்று சாப்பாட்டு மேஜையில் நீ என் கையைப் பார்த்த மாதிரி, வெறுமனே. நீ எனக்கு விட்டுப்போனது அந்தப் பார்வைதான். எப்போதும் வருவதில்லை, வருகிறபோது நல்லதாக இருக்கிறது. வெளியே இன்னும் எதிர்க் கட்டிடம் தெரியவில்லை. அம்மாவை மெட்ரோவில் அழைத்துக்கொண்டு உன் மகளைப் பார்க்கக் கிளம்புகிறேன், அதனால் முகமூடியைப் போட்டுக்கொண்டுதான் படியிறங்குவேன். புகைக்காக மட்டும்.